கோல்பால்: கயிறும் மணியும்

வணக்கம். இந்தப் பந்தை மேடையில் உருட்டுகிறேன், ஃபேனை நிறுத்துங்கள். மணி கேட்கிறதா? இப்போது ஃபேனைப் போடுங்கள். பாதிச் சத்தம் போய்விட்டது, இல்லையா?

கோல்பால் என்பது இந்த மணிப் பந்தை எதிரணியின் கோலுக்குள் உருட்டிவிடும் ஆட்டம்; தடுப்பவர்கள் சத்தத்தைக் கேட்டே தடுக்க வேண்டும். பார்வையற்ற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தரப்போகிற உடற்கல்வி ஆசிரியர்கள் முதலில் அண்ணாந்து கூரையைப் பாருங்கள். தகரக் கூரை என்றால் மழை நாளில் ஆட்டம் கிடையாது. ரோட்டோர ஹால் வேண்டாம். மதுரை வெயிலில் ஃபேன் இல்லாமல் எப்படி என்பீர்கள். காலை ஆறு மணிக்கு வையுங்கள். சித்திரைத் திருவிழா வாரத்தில் மைக்செட்டோடு மல்லுக்கட்ட வேண்டாம், விடுமுறை விட்டுவிடுங்கள்.

போரில் பார்வை இழந்தவர்களின் மறுவாழ்வுக்காக 1946-ல் உருவான ஆட்டம் இது; 1976 டொராண்டோ பாராலிம்பிக்கில் பதக்க ஆட்டமானது. வரலாறு அவ்வளவு போதும், களத்துக்கு வருவோம்.

நீளம் 18 மீட்டர், அகலம் 9. இரண்டு மூலைவிட்டமும் 20 மீட்டர் 12 சென்டிமீட்டர் வந்தால்தான் மூலைகள் சரி. கோட்டின் மேல் 3 மில்லிமீட்டர் கயிற்றை விறைப்பாக இழுத்து, அதன் மேல் 5 சென்டிமீட்டர் டேப் ஒட்ட வேண்டும். கையும் காலும் தடவித்தான் ஆட்டக்காரர் தன் இடத்தை அறிகிறார். நூல் மெலிந்தால் விரலுக்குப் படாது. தேங்காய்நார்க் கயிறு முழங்கையைச் சிராய்க்கும். சிமெண்டுத் தரையை ஈரத்துணியால் துடைத்து நன்றாகக் காயவிடாமல் ஒட்டினால், நாலு முறை சறுக்கியதும் டேப் கிளம்பி, கயிறு வளைந்துவிடும். அப்புறம் அந்தப் பிள்ளை கோணலாக நின்று கோணலாகவே எறியும். நாம் அதன் கையைக் குறை சொல்வோம்!

கோல் கம்பங்களுக்கு நடுவே முழு 9 மீட்டர், உயரம் 1.3. தடுக்க மூன்றே பேர். பக்கவாட்டில் படுத்துக் கையும் காலும் நீட்டினால் ஒருவர் ஏறக்குறைய 2 மீட்டர் அடைப்பார், மூவரும் சேர்ந்து 6. மீதி 3 மீட்டருக்குக் காதுதான் காவல். நடுவில் இருப்பவரை முன்னே, ஓரத்தவர்களைச் சற்றுப் பின்னே வையுங்கள்; ஒரே வரிசையில் நிறுத்தினால் தலையும் காலும் மோதும். முகத்தைக் கைகளுக்குப் பின்னால் வைக்கப் பழக்குங்கள். பந்து 1.25 கிலோ, கூடைப்பந்து இரண்டின் எடை.

பந்தில் எட்டுத் துளைகள், உள்ளே மணிகள். காற்றில் பறக்கும் பந்து பேசாது. அதனால்தான் எறிபவர் தன் கோல் கோட்டிலிருந்து 6 மீட்டருக்குள்ளேயே அதைத் தரையில் பட வைக்க வேண்டும், தவறினால் பெனால்டி. தடுத்த பந்தைப் பத்து விநாடிக்குள் நடுக்கோடு தாண்ட அனுப்ப வேண்டும். பந்து வாங்கும்வரை பழைய கூடைப்பந்தை பிளாஸ்டிக் பையில் கட்டி உருட்டுங்கள், சரசரப்பே வழி காட்டும்.

லேசாகப் பார்வை உள்ளவருக்கும் கண்மறைப்பு கட்டாயம். ஆட்டம் நடக்கையில் அதைத் தொட்டாலே பெனால்டி.

பயிற்சியாளர்கள், நீங்களும் வாயை மூடுங்கள். கைதட்டல் கோல் விழுந்து விசில் ஊதியபின்.

சரி, டேப் இங்கே இருக்கிறது. கயிற்றின் அந்த முனையை யாராவது பிடியுங்கள்.