யானையை மெல்லச் சொன்னவர்

நேயர்களுக்கு வணக்கம். பொய்யைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். பொய் சொல்லக் கூடாது என்பது ஊரறிந்த சங்கதி, அதற்கு நான் வேண்டியதில்லை. பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடைக்காது என்பார்கள். கிடைக்கிறது, சில சமயம் விருந்தே கிடைக்கிறது. எனக்குள் நெடுநாளாகக் குடைந்துகொண்டிருப்பது வேறு கேள்வி. பொய், கேட்டவரை என்ன செய்கிறது?

ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே போனில் சொல்கிறோம்: "கிளம்பிட்டேன், வந்துக்கிட்டே இருக்கேன்." அந்தப் பக்கம் இருப்பவர் அதை நம்பி வாசலிலேயே நிற்கிறார். உண்மை தெரிந்திருந்தால் உள்ளே போய் ஒரு வேலையை முடித்திருப்பார், ஒரு குட்டித் தூக்கம் போட்டிருப்பார். அந்த அரை மணி நேரம் அவருடையது. அதை என்ன செய்வதென்று அவரைக் கேட்காமல் நாம் முடிவு செய்துவிட்டோம். சின்னப் பொய்யோ பெரிய பொய்யோ, நடப்பது இதுதான்.

இதற்கு மகாபாரதத்தில் ஓர் இடம் உண்டு. என்னைத் தெரிந்தவர்கள், "ஆரம்பித்துவிட்டாரா, யானைக் கதையை!" என்பார்கள். பரவாயில்லை.

போரின் பதினைந்தாம் நாள். துரோணரை வெல்ல வழியில்லை. மகன் அசுவத்தாமன் இறந்தான் என்று கேட்டால்தான் வில்லைக் கீழே வைப்பார் என்கிறான் கண்ணன். பீமன் அசுவத்தாமன் என்ற பெயருள்ள ஒரு யானையைக் கொல்கிறான். கவனியுங்கள், அது எதிரியின் யானைகூட இல்லை, தங்கள் பக்கத்து யானை! கொன்றுவிட்டு, "அசுவத்தாமன் இறந்தான்" என்று கத்துகிறான்.

துரோணர் முதலில் ஆடித்தான் போகிறார். ஆனால் மகனின் பலம் தெரிந்தவர், நம்பாமல் போரைத் தொடர்கிறார். பிறகு தருமரிடம் கேட்கிறார். ஏன் தருமரிடம்? மூவுலகம் கிடைத்தாலும் இவர் பொய் சொல்லமாட்டார் என்ற நம்பிக்கை. தருமர் "அசுவத்தாமன் இறந்தான்" என்று உரக்கச் சொல்லி, "யானை" என்பதைக் காதில் விழாதபடி முனகுகிறார். அதுவரை நிலத்தில் படாமல் நான்கு விரற்கடை உயரத்தில் ஓடிய அவருடைய தேர் மண்ணைத் தொட்டது என்கிறது கதை.

தருமர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. யானை இறந்தது உண்மை, அதன் பெயரும் உண்மை. உண்மைகளை மட்டுமே வைத்து ஒரு மனிதரை ஏமாற்றியாயிற்று. "நான் பொய் சொல்லலையே, அவராகத்தானே அப்படி நினைச்சுக்கிட்டார்" என்று நாமும் சொல்கிறோம் இல்லையா? அவர் அப்படி நினைக்கவேண்டும் என்றுதானே அப்படிச் சொன்னோம்!

இன்னொன்று. பீமனின் பொய் பலிக்கவில்லை, தருமரின் பொய் பலித்தது. வாழ்நாளெல்லாம் உண்மை பேசியவரின் வாயிலிருந்து வந்ததால் பலித்தது. பொய்க்குச் சொந்தக் கையிருப்பு கிடையாது, நேயர்களே. உண்மை சேர்த்து வைத்ததைத்தான் அது செலவழிக்கிறது. எல்லோரும் எப்போதும் பொய் சொல்லும் உலகத்தில் பொய் எடுபடவே எடுபடாது.

சரி, நல்லதுக்காகச் சொல்லும் பொய்? கொலைகாரன் வாசலில் நின்று, "உன் நண்பன் உள்ளே இருக்கிறானா?" என்று கேட்கிறான். உண்மையைக் கேட்க உரிமை உள்ளவனுக்குத்தான் அதைச் சொல்லும் கடமை என்றார் பிரெஞ்சுச் சிந்தனையாளர் பெஞ்சமின் கான்ஸ்தான். அப்போதும் பொய் கூடாது என்று 1797இல் கட்டுரையே எழுதினார் ஜெர்மானியத் தத்துவவாதி இம்மானுவேல் கான்ட். கான்ட் பெரிய மனிதர்தான். ஆனால் நான் ஒளிய நேர்ந்தால் அவர் வீட்டுக்குப் போகமாட்டேன்.

வள்ளுவர் குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மைக்குச் சமம் என்கிறார். பலரும் இதை அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்கிறார்கள். 'புரைதீர்ந்த' என்று அவர் போட்டிருக்கும் பூட்டைப் பார்ப்பதில்லை. நோய் முற்றிய ஒருவரிடம், "ஒண்ணுமில்லப்பா, சாதாரணக் கட்டிதான்" என்று வீடே சேர்ந்து சொல்கிறது. அன்புதான், மறுக்கவில்லை. ஆனால் பேச்சை நிறுத்திய தம்பியைக் கூப்பிட்டுப் பார்க்க அவர் நினைத்திருக்கலாம். எழுத வேண்டிய உயிலை எழுதியிருக்கலாம். தன் கடைசி மாதங்களை என்ன செய்வதென்று அவர் எடுக்கவேண்டிய முடிவை மற்றவர்கள் எடுத்துவிட்டார்கள். அந்த நன்மை குற்றமற்றதா என்று தீர்ப்புச் சொல்பவர் யார்? பொய்யைச் சொன்னவரேதான்!

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டதாம். குழந்தைகளின் பொய்யைப் பற்றி விரிவாகச் சொல்ல வைத்திருந்தேன். ஒன்று மட்டும். குழந்தையின் பின்னால் ஒரு பொம்மையை வைத்து, திரும்பிப் பார்க்காதே என்று சொல்லிவிட்டு வெளியே போய் வந்து, "பார்த்தாயா?" என்று கேட்கும் ஓர் ஆய்வு உண்டு. மூன்று வயதுக் குழந்தைகளில் பலர் பார்த்துவிட்டு, "பார்க்கலை" என்பார்கள். "அப்ப அது என்ன பொம்மையா இருக்கும்?" என்றால் பெயரைப் பளிச்சென்று சொல்லிவிடுவார்கள்! தனக்குத் தெரிந்தது எதிரில் இருப்பவருக்குத் தெரியாது என்று புரியத் தொடங்கும் வயது அது. அதனால் முதல் பொய்க்கே அடிக்கக் கை ஓங்காதீர்கள். ஓங்கினால் என்ன ஆகும் என்பதற்கு இன்று நேரமில்லை. வணக்கம்.