சிட்னியில் விதைத்தது

நண்பர்களே, வணக்கம். "அஞ்சு நாள் ஆடி டிரா பண்றதுக்கு எதுக்கு சார் ஒரு மேட்ச்?" என்று உள்ளே வரும்போதே ஒரு தம்பி கேட்டார். எழுதி வைத்திருந்ததை மடித்து வைத்துவிட்டேன். ஒரே ஒரு டிராவைப் பற்றிப் பேசுகிறேன்.

2021 ஜனவரி 11, சிட்னி. ஆஸ்திரேலியாவுடன் நான்கு டெஸ்ட் தொடரில் மூன்றாவது டெஸ்ட்டின் கடைசி நாள். அதற்கு 23 நாள் முன்புதான் அடிலெய்டில் நம்மவர்கள் 36 ரன்னுக்குச் சுருண்டார்கள். கோலி ஊர் திரும்பிவிட்டார். மெல்பர்னில் ரஹானே சதமடித்து ஜெயித்ததில், தொடர் 1-1. சிட்னியில் நமக்கு இலக்கு 407. பண்ட் 97, புஜாரா 77. இருவரும் போனபோது ஸ்கோர் 272க்கு 5. இன்னும் நாற்பது ஓவருக்கு மேல் பாக்கி.

களத்தில் யார்? தொடைத் தசை கிழிந்து நொண்டும் ஹனுமா விஹாரி. குனிந்து ஷூ லேஸ் கட்ட முடியாத முதுகுவலியோடு அஸ்வின். கட்டை விரல் முறிந்த ஜடேஜா, பேடு கட்டிக்கொண்டு உள்ளே காத்திருக்கிறார். ரன்னாவது ஒன்றாவது! அஸ்வின் எதிர்முனைக்குத் தமிழில் சொல்கிறார்: பத்துப் பத்துப் பந்தா ஆடலாம், மாமே. ஸ்டம்ப் மைக்கில் நமக்கே கேட்டது. விஹாரி தெலுங்குக்காரர்தான், சென்னை லீக்கில் ஆடியவருக்கு 'மாமே' புரியாதா என்ன?

ஸ்டம்புக்குப் பின்னால் ஆஸ்திரேலிய கேப்டன் டிம் பெய்னுக்கு வாய் ஓயவில்லை. அடுத்த டெஸ்ட் பிரிஸ்பேனின் காபா மைதானத்தில். 'காபாவுக்கு வா, பார்த்துக்கொள்கிறேன்' என்கிற தோரணை. அவரே விஹாரியின் கேட்சையும் விட்டார். விஹாரி 161 பந்தில் 23. ஆட்டம் டிரா.

தம்பி, அன்றோடு அது முடியவில்லை. அந்த இன்னிங்ஸில் ஆஸ்திரேலியா வீசியது 131 ஓவர். கம்மின்ஸ், ஸ்டார்க், ஹேசல்வுட், லயன்: நான்கு டெஸ்ட்டிலும் இந்த நால்வரேதான். நடுவில் மூன்றே நாள் ஓய்வு, அடுத்து பிரிஸ்பேன். இந்தக் கணக்கெல்லாம் நீண்ட தொடரில்தான் நடக்கும். இப்போது ரெண்டே டெஸ்ட் வைத்துத் தொடர் என்கிறார்கள். 2024 ஜனவரியில் கேப்டவுன் டெஸ்ட் இரண்டாம் நாளே முடிந்தது. பெட்டியைப் பிரிக்கும் முன் கட்டியாயிற்று!

காபாவில் ஆஸ்திரேலியா 1988க்குப் பிறகு அதுவரை தோற்றதில்லை. நமக்கோ பாதி அணி காயம். வலைப்பயிற்சிக்குப் பந்து வீசத் தங்கியிருந்த சேலத்து நடராஜனும் வாஷிங்டன் சுந்தரும் அங்கே முதல் டெஸ்ட் ஆடினார்கள். முதல் இன்னிங்ஸில் 186க்கு 6 என்ற நிலையில் சுந்தரும் ஷர்துல் தாக்கூரும் சேர்ந்து 123 எடுத்தார்கள். வெற்றி இலக்கு 328. கடைசி நாள் புஜாரா உடம்பெல்லாம் அடி வாங்கி 211 பந்து நின்றார். மாலையில் பண்ட் வெற்றி பவுண்டரியை நேராக அடித்தாரே, அந்தப் பந்தை வீசியது யார் தெரியுமா? சிட்னியில் வீசி வீசி ஓய்ந்த அதே ஹேசல்வுட்.