நியூட்ரான் விண்மீனுக்குள் கரும்பொருள் இருந்தால் ஈர்ப்பலை காட்டிக்கொடுக்குமா?

நேயர்களுக்கு வணக்கம்.

2017 ஆகஸ்ட் 17 அன்று லேசர் ஒளியால் ஈர்ப்பலைகளை அளக்கும் அமெரிக்காவின் இரு லைகோ கருவிகளும் இத்தாலியின் விர்கோவும் செயல்பட்டுக்கொண்டிருந்தபோது ஓர் ஈர்ப்பலை, அதாவது வெளியையே நெளியவைத்துப் பரவும் அலை, வந்து சேர்ந்தது. சுமார் 13 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் (பெரிய விண்மீன் வெடித்தபின் எஞ்சும் மிக அடர்ந்த மையங்கள்) சுற்றிச் சுற்றி நெருங்கி மோதியதால் எழுந்த அலை அது. ஏறத்தாழ 100 நொடி நீடித்த அந்த அலையின் கடைசித் துணுக்கில்தான் நமக்கு வேண்டிய செய்தி இருக்கிறது.

நிலவு கடல்நீரை இழுத்து ஓதம் எழுப்புவதுபோல, நெருங்கும் விண்மீன்கள் ஒன்றையொன்று நீள்வாக்கில் இழுக்கின்றன. அந்த உருக்குலைவு சுற்றுப்பாதையின் ஆற்றலைத் தின்பதால் மோதல் சற்று முந்திவிடும். விண்மீன்கள் நெருங்க நெருங்க அலையின் அதிர்வெண் ஏறும்; இந்தப் பிசகு பல நூறு ஹெர்ட்ஸுக்கு மேல்தான் தெளிவாகத் தெரியும். விண்மீன் எவ்வளவு நெகிழும் என்பதற்கு லாம்டா என்றோர் எண் உண்டு. அது ஆரத்தின் ஐந்தாம் அடுக்கைப் பொறுத்தது. நிறை மாறாமல் ஆரம் 10 விழுக்காடு சுருங்கினால், இந்த அடுக்கு ஒன்றாலேயே லாம்டா 40 விழுக்காடு சரியும்.

இனி, ஒளியை உமிழாமல் ஈர்ப்பால் மட்டுமே தன்னை உணர்த்தும் கரும்பொருளைச் சேர்த்துப் பார்ப்போம். கனமான துகள்களாக இருந்தால் அவை மையத்தில் படியும். எடையைக் கூட்டுமே தவிர, விண்மீனைத் தாங்கும் அழுத்தத்துக்குப் பெரிதாக உதவாது. விண்மீன் இறுகி லாம்டா குறையும். இலேசான துகள்கள் வெளியேயும் மூட்டமாகப் பரவலாம். அப்போது லாம்டா கூடும். எக்ஸ்-கதிரில் ஆரத்தை அளக்கும் நைசர் தொலைநோக்கிக்கு அந்த மூட்டம் தெரியாது. ஈர்ப்பலைக்குத் தெரியும்.

ஆனால் அவ்வளவு கரும்பொருள் உள்ளே எப்படிப் போகும்? கோடிக்கணக்கான ஆண்டுகள் வழியில் கிடைப்பதைப் பிடித்துக்கொண்டே இருந்தாலும், நம் சூரியனின் அக்கம்பக்கத்தில் சேர்வது மிகமிக அற்பம். லாம்டாவை அசைக்கவோ நிறையில் சில விழுக்காடு வேண்டும். நியூட்ரானே கரும்துகளாகச் சிதையலாம் என்று 2018-இல் ஒரு கருத்து வந்தது. ஆய்வகத்தில் நியூட்ரானைக் குடுவையில் அடைத்து அளந்தால் ஆயுள் சுமார் 879 நொடி, கற்றையாகச் செலுத்தி அளந்தால் 888 என்று வரும் முரண்பாட்டைத் தீர்க்க எழுந்த யோசனை அது. அழகான யோசனைதான். ஆனால் அதன் எளிய வடிவப்படி நியூட்ரான் விண்மீன்கள் இரண்டு சூரிய நிறையை எட்டவே முடியாது. வானத்திலோ 2.08 சூரிய நிறையில் ஒன்று சுழன்றுகொண்டிருக்கிறது.

இதைவிடப் பெரிய சிக்கல், அணுக்கருப் பொருளின் இறுக்கமே நமக்குத் திட்டமாகத் தெரியாதது. 2017 நிகழ்வின்படி, 1.4 சூரிய நிறையுள்ள விண்மீனின் லாம்டா 70 முதல் 580 வரை எங்கும் இருக்கலாம். அந்த இடைவெளிக்குள் மென்மையான அணுக்கருப் பொருளும் பொருந்தும், மையத்தில் படிந்த கரும்பொருளும் பொருந்தும். ஒரே ஒரு மோதலை வைத்துக் கரும்பொருளைக் கண்டுவிட்டோம் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

இரண்டையும் பிரிக்க வழி உண்டு. அணுக்கருப் பொருளின் விதி எல்லா விண்மீன்களுக்கும் ஒன்றே. கரும்பொருளின் அளவோ பிறந்த இடத்தையும் வயதையும் பொறுத்து மாறலாம். ஒரே நிறையுள்ள விண்மீன்கள் வேறுவேறு லாம்டா காட்டினால் சந்தேகம் வலுக்கும். அதற்குத் துல்லியமான பல மோதல்கள் தேவை. 2019 ஏப்ரல் 25-இல் சிக்கிய அடுத்த மோதல் பல மடங்கு தொலைவில் நடந்ததால் லாம்டாவை இறுக்கிப் பிடிக்க உதவவில்லை.

மோதி ஒன்றானபின் எழும் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் அதிர்வு உள்ளே இருப்பதை இன்னும் நேரடியாகக் காட்டும். ஆனால் அந்த வீச்சில் லேசர் ஒளித்துகள்களின் சீரற்ற வருகையே இரைச்சலாகி அலையை மூழ்கடிக்கிறது. ஒளியின் குவாண்டம் ஏற்ற இறக்கத்தை ஒடுக்கும் நுட்பத்தை லைகோ 2019 முதல் பயன்படுத்துகிறது. அந்த வீச்சைத் தெளிவாகக் கேட்க, லேசர் ஓடும் 10 கிலோமீட்டர் கைகளோடு ஐரோப்பாவில் திட்டமிடப்படும் ஐன்ஸ்டைன் தொலைநோக்கி போன்ற அடுத்த தலைமுறைக் கருவிகள் வர வேண்டும்.