சுவருக்கு அந்தப் பக்கமும் அதே பைக்

வணக்கம் நேயர்களே. ஐரோப்பாவில் மோட்டோ ஜிபி, அதாவது மோட்டார் சைக்கிள் உலகச் சம்பியன்ஷிப் பந்தயம் நடக்கிற ஞாயிறுகளில் பெரும்பாலும் இங்கே மாலை ஐந்தரை மணி இருக்கும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அந்த நேரத்துக்கு ரிவி முன்னால் உட்காருகிற பிள்ளைகள் பலரை எனக்குத் தெரியும். அவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: ஒரே அணி, ஒரே நிறச் சட்டை, சம்பளம் கொடுப்பதும் ஒரே கம்பனி, பிறகு ஏன் அண்ணை இவர்கள் இரண்டு பேரும் இப்படி முட்டிக்கொள்கிறார்கள்? இன்றைக்குப் பேசக் கூப்பிட்டபோது இதையே பேசுவோம் என்று சொல்லிவிட்டேன்.

நாங்கள் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள், அதனால்தான் இது விளங்கக் கஷ்டமாக இருக்கிறது என்று நினைக்கிறேன். 2006 ஜூலையில் இதே கொழும்பில், எஸ்.எஸ்.சி. மைதானத்தில், தென்னாபிரிக்காவுக்கு எதிராகச் சங்கக்காரவும் மஹேலவும் சேர்ந்து 624 ஓட்டங்கள் எடுத்தார்கள். ஒருவர் எடுத்த ஓட்டம் மற்றவருக்கும் சேர்ந்தது. மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் அந்தக் கணக்கே கிடையாது. முதலாவதாக வருபவருக்கு 25 புள்ளி, இரண்டாவதுக்கு 20, மூன்றாவதுக்கு 16, அது அவரவர் பெயரில் விழுகிறது. அணிக்கும் ஒரு பட்டியல் இருக்கிறதுதான், ஆனால் அதில் யார் முதலிடம் என்று வீதியில் போகிற எவரையாவது கேட்டுப் பாருங்கள், தெரியாது.

இன்னொரு காரணம் இதைவிட ஆழமானது. தோற்றவருக்கு எப்போதும் ஒரு சாட்டு உண்டு, அது இயந்திரம். தியத்தலாவை பொக்ஸ்ஹில்லில் மண்ணில் ஓடுகிற எங்கள் பையன்களிடம் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள், அவனுடைய பைக் நல்லது, என்னுடையது இழுக்கவில்லை என்று. பல நேரம் அது உண்மையும்தான். ஆனால் பக்கத்து ஆளிடம் இருப்பதும் அதே பைக், அதே எஞ்சின் என்றால் அந்தச் சாட்டு எடுபடாது. ஒரு வீரர் எவ்வளவு திறமையானவர் என்று கம்பனி முதலில் ஒப்பிட்டுப் பார்ப்பது அவருடைய அணித்தோழரோடுதான், அடுத்த ஒப்பந்தமும் அதை வைத்துத்தான் பேசப்படும். அதற்கு மேல், இருவருடைய தரவும் ஒரே கம்பனியின் கணினிக்குத்தான் போகிறது. எந்த வளைவில் யார் எவ்வளவு பிந்திப் பிரேக் பிடித்தார், எந்த இடத்தில் திரொட்டிலைத் திறந்தார் என்று ஒருவருடைய கோட்டுக்கு மேல் மற்றவருடைய கோட்டை வைத்துப் பொறியியலாளர்கள் பார்ப்பார்கள். நீங்கள் வருடக்கணக்காகப் பழகிக் கண்டுபிடித்த ஒரு வித்தையை, பக்கத்தில் இருப்பவர் அன்று பின்னேரமே திரையில் பார்த்துவிடலாம்.

இத்தாலி வீரர் வலன்டீனோ ரொஸ்ஸிக்கு இதுதான் நடந்தது. 2004இல் அவர் யமஹாவுக்கு வந்து அந்த வருடமே பட்டம் எடுத்து, அந்தப் பைக்கைத் தன் கையால் வளர்த்த ஆள். 2008இல் ஜோர்ஜ் லொரென்ஸோ பக்கத்தில் வந்து நின்றார். அந்த வருடம் ரொஸ்ஸிக்கு பிரிட்ஜ்ஸ்டோன் ரயர், லொரென்ஸோவுக்கு மிஷெலின். ரயர் இரகசியம் வெளியே போகக் கூடாது என்று கராஜுக்கு நடுவில் சுவர் ஒன்று வைத்தார்கள், சரி, நியாயம். அடுத்த வருடம் எல்லோருக்கும் ஒரே ரயர் என்று சட்டம் வந்தது. சுவரை எடுக்கவில்லை! அந்த 2009இல் பார்சலோனாவில் கடைசிச் சுற்றின் கடைசி வளைவில், முந்தவே முடியாது என்று எல்லோரும் நினைத்த இடத்தில், ரொஸ்ஸி உள்ளே புகுந்து 0.095 வினாடியில் வென்றார். பார்க்காதவர்கள் தேடிப் பாருங்கள். ஒருவரை ஒருவர் விழுத்தாமல், கடைசி மீட்டர் வரை விட்டுக்கொடுக்காமல் ஓடுவது என்றால் அதுதான்.

2010இல் ஜப்பானின் மொட்டேகியில் நடந்த பந்தயம் எனக்கு அப்படிப் படவில்லை. ரொஸ்ஸி முகெல்லோவில் காலை உடைத்து, பட்டத்துக்கான வாய்ப்பு இல்லாமல், அடுத்த வருடம் டுகாட்டிக்குப் போவதும் முடிவான நிலையில், மூன்றாம் இடத்துக்காகப் பட்டத்தை நெருங்கிக்கொண்டிருந்த லொரென்ஸோவோடு உடம்போடு உடம்பு உரசி ஓடினார். இருவரும் விழவில்லை, மூன்றாம் இடம் ரொஸ்ஸிக்கே. என் நண்பர்கள் பலர் இன்றைக்கும் ரொஸ்ஸி பக்கம்தான் பேசுவார்கள், நான் லொரென்ஸோ பக்கம். முந்துவது உரிமை, ஆனால் தனக்குப் பட்டமே இல்லாதபோது அணித்தோழரின் ஒரு வருட உழைப்பை ஆபத்தில் வைப்பது உரிமை இல்லை. லொரென்ஸோ அடுத்த பந்தயத்திலேயே, மலேசியாவில், உலகச் சம்பியன் ஆனார்.

இப்படி நான் நினைப்பதற்குக் காரணம் 2006இல் போர்த்துக்கல்லின் எஸ்தொரில் என்ற ஓடுதளத்தில் நடந்த பந்தயம். நிக்கி ஹேடன் 12 புள்ளி முன்னால், துரத்துபவர் ரொஸ்ஸி, மிச்சம் இருப்பது இரண்டே பந்தயம். ஹேடனின் அணித்தோழர் டானி பெட்ரோசா, 21 வயது, பெரிய வகுப்பில் முதல் வருடம். ஐந்தாவது சுற்றில் பெட்ரோசா உள்பக்கமாக நுழையப் பார்த்து, முன்சக்கரம் வழுக்கி, ஹேடனையும் சேர்த்துக்கொண்டு விழுந்தார். அவர்களுடைய ரெப்சொல் ஹொண்டா அணியின் இரண்டு பைக்கும் சரளைக் கல்லில் கிடந்தன. ஹேடன் முழங்காலில் நின்று ஹெல்மெட்டுக்குள் கத்திய காட்சியைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

அன்றைக்கு ஹேடனைக் காப்பாற்றியது வேறு அணியின் ஆள். தோனி எலியாஸ், அவரும் ஹொண்டாதான், ஆனால் தனியார் அணி, ரொஸ்ஸியை 0.002 வினாடியில் பின்தள்ளி வென்றார். ரொஸ்ஸிக்கு 25க்குப் பதிலாக 20. கடைசிப் பந்தயம் வலென்சியாவில் ரொஸ்ஸி 8 புள்ளி முன்னால் நின்றும், விழுந்து எழும்பிப் பதின்மூன்றாவதாக வந்தார். ஹேடன் மூன்றாவது. பெட்ரோசா வழிவிட்டு நான்காவதாக முடித்தார். முடிவு 252க்கு 247, ஐந்தே புள்ளி. எலியாஸ் அந்த 0.002ஐ எடுக்காவிட்டால் இருவரும் சமம், அதிக வெற்றி ரொஸ்ஸிக்கு, பட்டமும் அவருக்கு. பக்கத்து கராஜ் பையன் ஒரு வளைவில் காட்டிய அவசரம் ஒரு மனிதனின் ஒரே உலகப் பட்டத்தை எவ்வளவு கிட்டத்தில் கொண்டுபோய்ப் பறித்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பெட்ரோசாவுக்கே பின்னர் அது திரும்பி வந்தது. 2013 ஆரகோனில் அவருடைய புது அணித்தோழர் மார்க் மார்க்கேஸ் பின்னால் உரசியதில், பெட்ரோசாவின் பின்சக்கர வேகத்தை அளக்கிற சென்சரின் வயர் அறுந்தது. திரொட்டிலைத் திறந்ததும் சக்கரம் கட்டுப்பாடில்லாமல் சுழன்று, ஆளைத் தூக்கி மேலே எறிந்தது. மார்க்கேஸுக்கு ஒரு தண்டனைப் புள்ளி, ஹொண்டாவுக்குத் தயாரிப்பாளர் பட்டியலில் 25 புள்ளி வெட்டு. கம்பனியையும் சேர்த்துத் தண்டித்தது சரி என்றே நினைக்கிறேன், அதிகாரிகள் அடிக்கடி அப்படிச் செய்வதில்லை. 2016 ஆர்ஜென்டீனாவில் இயன்னோனே கடைசிச் சுற்றில் தன் அணித்தோழர் டோவிட்சியோசோவை விழுத்தி, டுகாட்டியின் இரண்டாம் மூன்றாம் இடங்கள் இரண்டையும் மண்ணாக்கினார். டோவிட்சியோசோ பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்து பதின்மூன்றாவதாகக் கோட்டைக் கடந்தார். அடுத்த வருடம் டுகாட்டி வைத்துக்கொண்டது டோவிட்சியோசோவை.

அப்போ மேலிடம் கட்டளை போட்டால் தீருமா? 2017இல் டுகாட்டி போட்டுப் பார்த்தது. அப்போது டுகாட்டிக்கு வந்திருந்த லொரென்ஸோவின் பைக்கில் இருக்கிற சின்னத் திரையில் 'மெப்பிங் 8' என்று ஒரு செய்தி வந்தது, பட்டத்துக்கு ஓடிய டோவிட்சியோசோவுக்கு வழிவிடு என்பதுதான் அதன் பொருள் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். கடைசிப் பந்தயத்தில் லொரென்ஸோ முன்னாலேயே நின்றார், பிறகு இருவருமே விழுந்தார்கள். மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் போகிற ஆளிடம் திரையில் கெஞ்சிப் பயனில்லை. எந்தக் கட்டத்துக்குப் பிறகு யார் யாருக்கு உதவ வேண்டும் என்பதை வருடத் தொடக்கத்தில், இருவரையும் ஒரே மேசையில் இருத்தி, முகத்துக்கு நேரே பேசி முடிக்க வேண்டும். அதுவரைக்கும் ஓட விடுங்கள், தாராளமாக ஓட விடுங்கள்.

2025ஐயும் பார்த்திருப்பீர்கள். இரண்டு முறை சம்பியனான பன்யாயாவின் பக்கத்தில் மார்க்கேஸை டுகாட்டி கொண்டுவந்து வைத்தது. ஒருவர் மொட்டேகியிலேயே, ஐந்து பந்தயம் மிச்சம் இருக்கப் பட்டத்தை எடுத்துவிட்டார். மற்றவர் முன்சக்கரத்தில் நம்பிக்கை வரவில்லை என்று வருடம் முழுக்கப் போராடினார். ஆனால் மார்க்கேஸ் பட்டம் எடுத்த அதே மொட்டேகியில் பந்தயத்தை வென்றவர் பன்யாயா. இந்த ஞாயிறு பார்க்கிற பிள்ளைகளே, முதல்நாள் சனிக்கிழமைத் தகுதிச்சுற்று நேரங்களையும் எடுத்துப் பாருங்கள், ஒரே நிறத்தில் ஓடுகிற இருவருக்கும் நடுவில் எத்தனை பத்தில் ஒரு வினாடி இடைவெளி என்று எழுதி வையுங்கள், பிறகு பந்தயத்தைப் பாருங்கள். நன்றி, வணக்கம்.