பூட்டின பெட்டியா, பூட்டப்போற பெட்டியா? கேமிங் பிசி வாங்க முதல்

[திரையில்: ஒரு பக்கேஜ் விலைத்தாள், மேலிருந்து கீழே மெதுவாக நகர்கிறது]

வணக்கம். இந்தத் தாளை ஒருக்கா வடிவாப் பாருங்கோ. ப்ரொசஸர் கோர் ஐ5 12400எஃப். கிராபிக்ஸ் கார்ட் ஆர்டிஎக்ஸ் 4060, 8 ஜிபி. அதுக்குக் கீழே 16 ஜிபி றாம், 500 ஜிபி எஸ்எஸ்டி, எச்610 மதர்போட், 600 வாட் பவர் சப்ளை, ஆர்ஜிபி கேசிங். கீபோடும் மவுஸும் இலவசம்.

முதல் இரண்டு வரியிலும் மொடல் நம்பர் சரியாக இருக்குது. மற்ற வரிகளில் அளவோ வகையோ மட்டும்தான். றாம் எந்தக் கொம்பனி, ஒரு ஸ்டிக்கா இரண்டா? எஸ்எஸ்டி எது? பவர் சப்ளைக்குப் பெயரே இல்லை. பக்கேஜின் விலை குறையிறதும் இந்தப் பெயரில்லாத வரிகளில்தான், ஒரு வருடம் போக அது கரைச்சல் தாறதும் இதே வரிகளில்தான். ரெடிமேட் எடுக்கிறதா, நாங்களே பூட்டுறதா என்று யோசிக்க முதல், கடைக்காரரிடம் கேட்டு இந்த வரிகளை நிரப்புங்கோ. பாதி விடை அதிலேயே வந்திடும்.

[திரையில்: மூன்று பெட்டிகள்]

யாழ்ப்பாணத்தில் ரெடிமேட் என்று சொன்னால் மூன்று சாமான் இருக்குது. ஒன்று, டெல், எச்பி, லெனோவோ மாதிரி பெரிய கொம்பனியின் பெட்டி. இரண்டாவது, கடைக்காரர் தானே பூட்டி விக்கிற பக்கேஜ். இங்கே கனபேர் வாங்கிறது அதைத்தான். மூன்றாவது, பழைய ஒஃபிஸ் கொம்பியூட்டருக்குள் ஒரு கிராபிக்ஸ் கார்டைச் சொருகி, கேமிங் பிசி என்று பெயர் வைச்சது.

மூன்றாவதைக் கெதியாச் சொல்லி முடிப்பம். உள்ளே 4ஆம், 6ஆம் தலைமுறை ஐ7 என்றால் விண்டோஸ் 11 அதை ஏற்காது. 8ஆம் தலைமுறையில் இருந்துதான் ஏற்கும். விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 இல் முடிஞ்சிட்டுது. விண்டோஸ் 11 இல் வலோரண்ட் கேம் விளையாட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதியும் வேணும். அந்தப் பெட்டிகளின் பவர் சப்ளையில் கிராபிக்ஸ் கார்டுக்கான 6 பின் வயர் பெரும்பாலும் இல்லை. அதனால் 75 வாட்டுக்குள் இயங்கிற கார்ட்தான் போட ஏலும். சின்னக் கேசிங் என்றால் குட்டையான கார்ட் மட்டும்தான் உள்ளே போகும். படிப்புக்கும் பழைய கேம்களுக்கும் காணும். கேமிங் விலை குடுத்து வாங்கிற சாமான் இல்லை.

பெரிய கொம்பனிப் பெட்டியில் உள்ள சிக்கல் பிறகுதான் தெரியும். சில மொடல்களில் மதர்போட்டின் அளவும் பவர் சப்ளையின் கொனெக்டரும் அந்தக் கொம்பனிக்கே உரியவை. மூன்று வருடம் கழிச்சுப் பவர் சப்ளை செத்தால் கடையில் இருக்கிற சாதாரணமானது பொருந்தாது. வாங்க முதல் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதில் 24 பின் ஏடிஎக்ஸ் பவர் சப்ளையா போட்டிருக்கு?

[திரையில்: பவர் சப்ளை ஸ்டிக்கர், 12 வோல்ட் வரி பெரிதாக]

இனி பவர் சப்ளை. இதில் கொஞ்சம் நிற்க வேணும். பெட்டியில் பெரிசாக 600 வாட் என்று அடிச்சிருப்பினம். அதை நம்ப வேண்டாம். பக்கத்தில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் 12 வோல்ட் என்ற நிரலைத் தேடுங்கோ. அதுக்குக் கீழே அம்பியர் இருக்கும். அந்த எண்ணை 12 ஆல் பெருக்குங்கோ. 45 அம்பியர் என்றால் 540 வாட்: அது நேர்மையான 550 வாட் பவர் சப்ளை. 20 அம்பியர் என்றால் 240 வாட்தான், வெளியில் என்ன எழுதியிருந்தாலும். ப்ரொசஸரும் கிராபிக்ஸ் கார்டும் சாப்பிடுறது இந்த 12 வோல்ட்டைத்தான்.

கணக்கைப் பாருங்கோ. 12400எஃப் உச்சத்தில் 117 வாட். ஆர்டிஎக்ஸ் 4060 க்கு 115 வாட். மதர்போட், றாம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாத்துக்கும் 50 என்று வைச்சால் கூட 300 க்குள் அடங்கும். ஆக, நல்ல 550 வாட் பவர் சப்ளை ஒன்று தாராளம். 750 வாங்கச் சொல்லி அவசரப்படுத்தினால் அந்தக் காசை எஸ்எஸ்டிக்குப் போடுங்கோ. 80 பிளஸ் முத்திரை பற்றியும் ஒரு வார்த்தை: அது எவ்வளவு மின்சாரம் வீணாகுது என்பதை மட்டும்தான் சொல்லும். வோல்ட் ஏறினால், வயர் ஷோர்ட் ஆனால் தன்னை நிறுத்திக்கொள்ளுமா என்பதை அது சொல்லாது. பெயரில்லாத பவர் சப்ளையில் இல்லாமல் போறது அந்தப் பாதுகாப்புத்தான். அது சாகும்போது தனியச் சாகாது, மதர்போட்டையும் கூட்டிக்கொண்டு போகும்.

றாம் இரண்டு ஸ்டிக்காக இருக்கட்டும், 8 உம் 8 உம். ஒரே 16 ஜிபி ஸ்டிக் என்றால் ப்ரொசஸருக்கும் றாமுக்கும் இடையில் ஒரு பாதைதான் திறக்கும். ப்ரொசஸரை நம்பி ஓடுற கேம்களில் செக்கனுக்கு வாற பிரேம் குறையும். 2025 இன் கடைசி மாதங்களில் உலகச் சந்தையில் றாம் விலை ஏறினதில் இருந்து, பக்கேஜில் முதலில் கத்தி விழுறது இந்த இடத்தில்தான். எச்610 போட்டில் றாமுக்கு இரண்டு இடம்தான் என்பதையும் நினைவில் வைச்சிருங்கோ. இரண்டு மூன்று மாதத்துக்குள் இன்னொன்று போடுற எண்ணம் உறுதியாக இருந்தால் 16 இன் ஒற்றை ஸ்டிக் பரவாயில்லை. இல்லையென்றால் இரண்டு 8.

ஏஎம்டி கொம்பனியின் ரைசன் ப்ரொசஸர் பக்கம் போனால், 5600 உடன் ஏ520 மதர்போட்டா பி550 ஆ என்று பாருங்கோ. ஏ520 இல் கிராபிக்ஸ் கார்ட் பிசிஐஇ என்ற இணைப்பின் பழைய 3.0 வேகத்தில்தான் பேசும். ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்எக்ஸ் 6600 இரண்டும் அந்த இணைப்பில் 8 வழியை மட்டும் பாவிக்கிற கார்டுகள் என்றபடியால் கார்டின் 8 ஜிபி நிரம்பிற நேரம் அந்த ஒடுக்கம் தெரியும். பிறகு ப்ரொசஸரை மாத்துற எண்ணம் இருந்தால் ஏஎம்5 என்ற புதிய சொக்கெட் உள்ள போட் எடுங்கோ. அதுக்கு டிடிஆர்5 றாம்தான், செலவு கூட.

[திரையில்: வரைபடம், கொழும்பில் இருந்து யாழ்ப்பாணம்]

சரி, நாங்களே பூட்டினால் எவ்வளவு மிச்சம்? பூட்டுற கூலியில் பெரிசாக ஒன்றும் இல்லை. எல்லாப் பாகமும் ஒரே கடையில் எடுத்தால் பூட்டித் தாறதுக்குக் கடைக்காரர் தனியக் காசு கேட்கிறது குறைவு. மிச்சம் பிடிக்கிறது, நாலு கடையில் விலை கேட்டு, பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் ஒரு கார்ட், இங்கே ஒரு போட் என்று பிரிச்சு வாங்கும்போதுதான். அந்த மிச்சத்துக்கும் ஒரு விலை இருக்குது. ஒரு நாள் ஸ்விட்சைப் போட ஃபேன் சுத்துது, திரையில் ஒன்றும் வரவில்லை. எந்தப் பாகம் பிழை? ஒரே கடைப் பெட்டி என்றால் தூக்கிக்கொண்டு போய்க் குடுக்கலாம். ஐந்து பில் என்றால், எது பிழை என்று கண்டுபிடிக்கிற வேலை உங்களுடையது. கண்டுபிடிச்ச பிறகு அந்தப் பாகம் 400 கிலோமீற்றர் போய் வரவேணும்.

வொறண்டியை வாயால் கேட்காமல் பில்லில் வாசியுங்கோ. ஒரு வருடம் என்றால் 350 நாள் என்று சில பில்களில் சின்ன எழுத்தில் இருக்கும். எரிஞ்ச அடையாளமும் துருவும் வொறண்டிக்குள் வராது என்றும் இருக்கும். குருநகர், பருத்தித்துறை மாதிரிக் கடற்கரைப் பக்கம் இருக்கிற ஆட்கள் துரு என்ற சொல்லை இரண்டு தரம் வாசிக்க வேணும். பெட்டியை யன்னலுக்குக் கீழே வைக்க வேண்டாம்.

கொழும்பில் பூட்டி பஸ்ஸில் வாறது என்றால் கிராபிக்ஸ் கார்டைக் கழட்டி அதன் சொந்தப் பெட்டிக்குள் போட்டு அனுப்பச் சொல்லுங்கோ. ஒரு கிலோவுக்குக் கிட்டின சாமான் ஒரு பிளாஸ்டிக் ஸ்லொட்டில் தொங்கிக்கொண்டு ஏ9 முழுக்கக் குலுங்கினால், ஸ்லொட் வெடிக்கும் அல்லது பின்னுகள் விலகும். உயரமான கூலர் என்றால் அதுக்கும் இதே கதை. வீட்டில் கார்டைத் திருப்பிப் பூட்ட இரண்டு ஸ்க்ரூ, ஒரு வயர், ஐந்து நிமிடம்.

[திரையில்: பிளக் பொயின்ட், யூபிஎஸ்]

எந்தப் பெட்டி வாங்கினாலும் வீட்டுக் கறண்டைப் பார்க்க வேணும். கேசிங்கின் இரும்பில் கை பட்டால் சுர்ரென்று இழுக்குதா? எர்த் இல்லை. பவர் சப்ளைக்குள் இருக்கிற ஃபில்டர் சிறு கசிவை எர்த்துக்கு அனுப்புற மாதிரித்தான் செய்யப்பட்டிருக்குது. எர்த் இல்லாவிட்டால் அது கேசிங்கிலேயே நிற்கும். அந்த நிலையில் எச்டிஎம்ஐ வயரைக் குத்தினால் போர்ட் போகலாம். பழைய வீடுகளின் உருண்டை முள்ளுப் பொயின்டில், எர்த் முள்ளு தொடாத அடாப்டர் போட்டு 13 அம்பியர் பிளக்கைக் குத்துறதுதான் கனவீட்டில் காரணம். வயரிங் செய்யிற ஒருவரைக் கூப்பிட்டுச் சரிபார்ப்பியுங்கோ.

யூபிஎஸ் 650 விஏ என்றால் பொதுவாக 360 முதல் 390 வாட் வரைதான் தாங்கும். 300 வாட் இழுக்கிற பெட்டி சுவரில் இருந்து 350 எடுக்கும், மொனிட்டர் ஒரு 30. கேம் ஓடும்போது கறண்ட் நின்றால் அந்த யூபிஎஸ்ஸும் சேர்ந்து நிற்கும். 1000 விஏக்குக் குறையாமல் எடுங்கோ. இடி மின்னலுக்கு யூபிஎஸ்ஸை நம்ப வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் வானம் இருண்டால் பிளக்கோடு ரூட்டரில் இருந்து வாற நெட்வேர்க் வயரையும் கழட்டுங்கோ. மின்னல் அந்த வழியாலும் வரும்.

[திரையில்: மேசையில் மதர்போட் பெட்டி, அதன்மேல் போட்]

இனி, நீங்களே பூட்டுறது என்று முடிவெடுத்த ஆட்களுக்கு.

கேசிங்கைத் திறக்க முதல், மதர்போட்டை அதன் அட்டைப்பெட்டிக்கு மேலே வைச்சு ப்ரொசஸர், றாம், எஸ்எஸ்டி, கூலர் நாலையும் பூட்டுங்கோ. இன்டெல் என்றால் பின்னுகள் போட்டில் இருக்கும். ப்ரொசஸரை முக்கோண அடையாளம் பார்த்து நேராக வைக்க வேணும். ஒரு பின் வளைஞ்சால் போட்டின் வொறண்டி போகும். றாமுக்கு நாலு இடம் இருந்தால் ப்ரொசஸரில் இருந்து எண்ணி இரண்டாவதும் நாலாவதும். ப்ரொசஸருக்கும் கூலருக்கும் இடையில் போடுற வெப்பப் பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு. இன்டெல் கூலரின் நாலு காலையும் மூலைக்கு மூலை எதிராக அமத்துங்கோ, பிறகு போட்டைத் திருப்பி நாலும் மறுபக்கம் வந்திருக்கா என்று பாருங்கோ. ஒரு கால் சரியாக இறங்காமல் ப்ரொசஸர் 100 பாகைக்குப் போறது முதல் தரம் பூட்டுற ஆட்களுக்கு அடிக்கடி வாற பிழை.

கேசிங்குக்குள் போட்டை வைக்க முதல் பின்பக்கத் தகட்டைப் போடுங்கோ. போட்டின் ஓட்டை இல்லாத இடத்தில் பித்தளைக் கால் ஒன்று நின்றால் அது போட்டின் அடியைத் தொட்டு ஷோர்ட் ஆகும். ப்ரொசஸருக்கான 8 பின் வயரும் கிராபிக்ஸ் கார்டுக்கான 8 பின் வயரும் ஒரே மாதிரித் தெரியும். கார்டின் வயர் 6 உம் 2 உமாகப் பிரியும், ப்ரொசஸரின் வயர் 4 உம் 4 உமாகப் பிரியும். போகாவிட்டால் அமத்த வேண்டாம், வயர் மாறியிருக்கு. எச்டிஎம்ஐயைக் கார்டில் குத்துங்கோ. 12400எஃப் இல் உள் கிராபிக்ஸ் இல்லாதபடியால் போட்டில் குத்தினால் திரை கறுப்பாகவே நிற்கும்.

டிடிஆர்5 போட் முதல் தரம் எழும்ப இரண்டு மூன்று நிமிடம், சிலவேளை அதுக்கும் மேலே எடுக்கும். றாமைப் பழகிக்கொண்டிருக்குது. அந்த நேரம் பயந்து ஸ்விட்சை நிப்பாட்டினால் முதலில் இருந்து தொடங்கும். ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்கோ. எந்தப் போட் என்றாலும் எழும்பின பிறகு பயோஸ் என்ற போட்டின் அமைப்புத் திரைக்குள் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை (றாமை அதன் முழு வேகத்தில் ஓடவிடுற அமைப்பு) ஓன் பண்ணாவிட்டால் டிடிஆர்4 3200 றாம் பெரும்பாலும் 2133 அல்லது 2666 இல்தான் ஓடும். கடைப் பக்கேஜ்களிலும் இதை ஓன் பண்ணாமல் குடுக்கிறது சாதாரணம்.

கேசிங்கில் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி இருக்கிறதை எடுக்க வேண்டாம். முன்னுக்கு வலையும் ஃபில்டரும், இரண்டு ஃபேன் உள்ளே, ஒன்று பின்னால் வெளியே. சோளகக் காற்றுக் காலத்தில் சுன்னாகம், கோப்பாய்ப் பக்கச் செம்மண் தூசு ஒரு மாதத்தில் ஃபில்டரைச் சிவப்பாக்கும். புளோவரால் ஊதும்போது ஃபேன் இதழை விரலால் பிடிச்சிருங்கோ.

எங்கட தீர்ப்பு இதுதான். முதல் தரம் வாங்கிற ஆள், பக்கத்தில் உதவிக்கு ஒருவரும் இல்லை என்றால், பாகப் பட்டியலை நீங்களே மொடல் நம்பரோடு எழுதி, யாழ்ப்பாணத்திலேயே ஒரு கடையில் குடுத்துப் பூட்டுவியுங்கோ. கொஞ்சம் விலை கூடினாலும் ஒரே பில், ஒரே வாசல். திருத்தத் தெரிஞ்ச கை இருந்தால், அல்லது கார்டைப் பிறகு போடுற மாதிரி பகுதி பகுதியாக வாங்கிறது என்றால், சொந்தமாகப் பூட்டுங்கோ. அப்படிப் பகுதியாகப் போற ஆட்கள் உள் கிராபிக்ஸ் உள்ள ப்ரொசஸர் எடுக்க வேணும், ரைசன் 5 5600ஜி மாதிரி.

காசைக் குடுக்க முதல் கடையிலேயே அரை மணித்தியாலம் ஒரு கனமான கேமை ஓடவிடுங்கோ. கார்ட் 80 பாகைக்குக் கிட்ட, ப்ரொசஸர் 85 க்குக் கீழே நின்றால் சரி. சிபியு-இசட் என்ற மென்பொருளில் றாம் இரண்டு வழியில் ஓடுதா என்று பாருங்கோ. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளில் எஸ்எஸ்டி ஓடின மணித்தியாலம் இருக்கும். புதுசு என்றால் அது ஒற்றை எண்ணில் நிற்க வேணும். நூற்றுக்கணக்கில் காட்டினால் அந்த எஸ்எஸ்டியின் பெட்டியைக் கேளுங்கோ, பெட்டியில் உள்ள சீரியல் நம்பரையும் பில்லில் எழுதச் சொல்லுங்கோ.