பச்சை ஃபிராங்க்ளினும் தலைகீழ் விமானமும்

நேயர்களுக்கு அன்பான வணக்கம்.

நான் தபால்தலை சேர்ப்பவன் என்று தெரிந்ததும் பலரும் கேட்கும் முதல் கேள்வி, "எங்க வீட்ல பழைய ஸ்டாம்ப் இருக்கு, எவ்வளவு போகும்?" என்பதுதான். பழையது என்பதற்காக மட்டும் ஒரு தபால்தலைக்கு விலை வந்துவிடாது. அமெரிக்கா 1908 முதல் 1922 வரை அச்சிட்ட ஒரு சென்ட், இரண்டு சென்ட் தலைகள் கோடிக்கணக்கில் புழங்கியவை. நூறு வயதைத் தாண்டிவிட்ட அவற்றில் பெரும்பாலானவற்றை இன்றும் சில்லறைக் காசுக்கு வாங்கலாம். ஆனால் 1923இல் வந்த பச்சை நிற ஒரு சென்ட் தலை ஒன்றைக் கையில் கொடுத்தால், அது சில்லறைக்கா, ஒரு வீட்டின் விலைக்கா என்று வெறும் கண்ணால் சொல்ல முடியாது. சில்லறை விலைத் தலையிலும் வீட்டு விலைத் தலையிலும் அதே பெஞ்சமின் ஃபிராங்க்ளின்தான் இருப்பார். அச்சகத்தில் அன்றைக்கு என்ன நடந்தது என்று அந்தத் துண்டுக் காகிதம் சாட்சி சொல்கிறது. சேகரிப்பவர் விலை கொடுப்பது அந்தச் சாட்சிக்குத்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

எல்லோருக்கும் தெரிந்த கதையிலிருந்தே தொடங்குகிறேன். 1918 மே 15ஆம் தேதி வாஷிங்டன், ஃபிலடெல்ஃபியா, நியூயார்க் நகரங்களுக்கு இடையே அமெரிக்கா முறையான விமானத் தபாலைத் தொடங்கியது. அதற்காக 24 சென்ட் தலை ஒன்றை அவசர அவசரமாக அச்சிட்டார்கள். சுற்றிலும் சிவப்புச் சட்டம், நடுவில் நீல நிறத்தில் கர்டிஸ் ஜென்னி விமானம். இரண்டு நிறம் என்றால் தாளை இரண்டு முறை இயந்திரத்தில் கொடுக்க வேண்டும், அதுவும் கையால். ஒரு முறை திருப்பி வைத்துவிட்டால் போதும், விமானம் தலைகீழாகிவிடும்.

இது நடக்கக்கூடும் என்று முன்கூட்டியே எதிர்பார்த்தவர் ஒருவர் உண்டு. அவர் வில்லியம் ரோபி, வாஷிங்டனில் ஒரு பங்குத் தரகு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். இரு நிறத் தலை வருகிறது, கவனமாகப் பாருங்கள் என்று நண்பர்களுக்குக் கடிதமே எழுதியிருந்தார். மே 14ஆம் தேதி 24 டாலர் கொடுத்து நூறு தலைகள் கொண்ட முழுத் தாள் ஒன்றை வாங்கினார். நூறிலும் விமானம் கவிழ்ந்து கிடந்தது. இன்னும் இருக்கிறதா என்று கேட்டதும் கவுன்ட்டர் ஊழியருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தபால் துறை அதிகாரிகள் ரோபியைத் தேடிவந்து தாளைத் திருப்பிக் கேட்டார்கள். அவர் மறுத்துவிட்டார். ஒரு வாரத்துக்குள் ஃபிலடெல்ஃபியா வணிகர் யூஜின் கிளைனிடம் 15,000 டாலருக்கு விற்றார். கிளைன் அதைக் கர்னல் கிரீன் என்ற செல்வந்தருக்கு 20,000 டாலருக்குக் கைமாற்றினார்.

அந்தத் தாளைப் பிரிப்பதற்கு முன் கிளைன் சொன்ன ஒரு யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொரு தலையின் பின்புறத்திலும் தாளில் அதன் இடம் எதுவோ அந்த எண்ணைப் பென்சிலால் மெல்லிசாக எழுதிவைக்கச் சொன்னார். அதனால்தான் நூறு தலைகளையும் ஆள் அடையாளம் போலத் தனித்தனியாகத் தொடர முடிகிறது. 1955இல் நார்ஃபோக் நகரில் நடந்த கண்காட்சியில் எதெல் மெக்காய் என்ற அம்மையாரின் நான்கு தலைத் தொகுதி திருடுபோனது. திருடியவர்கள் அதைப் பிரித்து, ஓரங்களைச் சீவி, அடையாளத்தை மறைக்கப் பார்த்தார்கள். பழைய புகைப்படங்களோடு அச்சின் அமைவை ஒப்பிட்டுப் பிற்காலத்தில் மூன்றை மீட்டுவிட்டார்கள். மூன்றாவது கிடைத்தது 2016இல், திருட்டு நடந்து அறுபது ஆண்டுகள் கழித்து. 66ஆம் எண் இன்னும் கிடைக்கவில்லை.

அதே தாளின் 49ஆம் எண் தலை 2023 நவம்பர் ஏலத்தில் இருபது லட்சம் டாலருக்குப் போனது. நூறு உடன்பிறப்புகளில் இதற்கு மட்டும் ஏன் அந்த விலை? பல காலம் வெளிச்சமே படாமல் பெட்டகத்தில் இருந்ததால் அதன் நிறம் மங்கவில்லை. படம் நான்கு ஓரத்துக்கும் நடுவில் நேராக உட்கார்ந்திருக்கிறது. இதைத்தான் நாங்கள் சென்டரிங் என்போம். பிழை நூறு தலைக்கும் பொது, பழுதில்லாமல் தப்பிப் பிழைத்தவை சில மட்டுமே.

இங்கே ஒரு சின்னச் செய்தி. தலையில் உள்ள விமானத்தின் எண் 38262. முதல் நாள் வாஷிங்டனிலிருந்து தபாலோடு புறப்பட்டதும் அதே எண் விமானம்தான். விமானி ஜார்ஜ் பாய்ல் வடக்கே போக வேண்டியவர், திசை தவறி மேரிலாண்டில் வால்டார்ஃப் அருகே இறங்கிவிட்டார். வழியனுப்ப ஜனாதிபதி வில்சனே வந்திருந்தார்.

பிழை என்றால் எல்லாப் பிழையும் ஒரே மதிப்புடையது அல்ல. 1901இல் பஃபலோ நகரில் நடந்த பான் அமெரிக்கக் கண்காட்சிக்கு ஆறு இரு நிறத் தலைகள் வெளியிட்டார்கள். ஜனாதிபதி மெக்கின்லி சுடப்பட்டது அந்தக் கண்காட்சியில்தான். அந்த வரிசையில் ஒரு சென்ட் கப்பலும் இரண்டு சென்ட் ரயிலும் தலைகீழாக அச்சாகி, அது தெரியாமலே தபால் நிலையங்களில் விற்கப்பட்டன. நான்கு சென்ட் மோட்டார் வண்டியின் கதை வேறு. அதிலும் பிழை வந்துவிட்டது என்று வதந்தி கிளம்பியதும், எட்வின் மேடன் என்ற தபால் துறை உயரதிகாரியின் உத்தரவால் நானூறு தலைகளை வேண்டுமென்றே தலைகீழாக அச்சிட்டார்கள். அவை கவுன்ட்டருக்கே வரவில்லை. கேட்டலாக் என்னும் விலைப்பட்டியலில் அதற்கும் பெரிய விலைதான். என்னைக் கேட்டால், யாரோ ஒருவர் காசு கொடுத்து வாங்கி, கடிதத்தில் ஒட்டிய அந்த இரண்டு சென்ட் ரயிலைத்தான் கையில் ஏந்த ஆசைப்படுவேன்.

இனி என் மனத்துக்கு மிக நெருக்கமான பகுதிக்கு வருகிறேன். வாஷிங்டன், ஃபிராங்க்ளின் வரிசை என்று சொல்வோம். 1908இல் தொடங்கியது. பதினான்கு ஆண்டுகள் இரண்டே முகங்கள். மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இதைவிடச் சலிப்பான தொகுப்பு கிடையாது. ஆனால் இருநூறுக்கு மேற்பட்ட வகைகள் இதற்குள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கிறது.

தபால்தலைகளைப் பிரிக்க ஓரத்தில் துளை இடுவார்கள் அல்லவா? இரண்டு சென்டிமீட்டர் நீளத்தில் எத்தனை துளை என்பதே கணக்கு. முதலில் பன்னிரண்டு. அப்போது தாள் கை பட்டாலே பிரிந்துவந்தது என்று புகார். 1914 வாக்கில் பத்தாகக் குறைத்தார்கள். இப்போது கிழிக்கவே முடியவில்லை என்று புகார். 1917இல் பதினொன்றில் வந்து நின்றார்கள். காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் நீர்க்குறி, முதலில் இரட்டைக் கோட்டு எழுத்து, பிறகு ஒற்றைக் கோடு, 1916க்குப் பிறகு நீர்க்குறியே இல்லை. முதல் உலகப் போர் வந்தது, ஜெர்மன் சாயம் நின்றுபோனது. கிடைத்த மையில் நறநறப்பு இருந்ததால் செதுக்கிய தகடுகள் சீக்கிரம் தேய்ந்தன. அதனால் 1918 முதல் சில ஆண்டுகள் ரப்பர் உருளை வழியாக மையை மாற்றிப் பதிக்கும் ஆஃப்செட் முறையிலும் அச்சிட்டார்கள். அந்தத் தலைகளைத் தொட்டாலே தெரியும், கோடுகள் மேடாக இருக்காது, வழவழப்பாக இருக்கும்.

1909இல் இன்னொரு பரிசோதனை. அன்றைய முறையில் காகிதத்தை ஈரமாக்கி அச்சிடுவார்கள். காயும்போது அது தாறுமாறாகச் சுருங்கும், துளை படத்துக்கு உள்ளேயே விழுந்துவிடும். இதைத் தடுக்க 35 சதவீதம் துணிக்கூழ் சேர்த்த காகிதத்தில் அச்சிட்டுப் பார்த்தார்கள். பலன் இல்லை, கைவிட்டார்கள். லேசான நீலச் சாயல் கொண்ட அந்தத் தலைகளில் நான்கு சென்ட்டும் எட்டு சென்ட்டும் இன்று மிக மிக அரிது. காகிதத்தின் சாயலை வைத்து முடிவு செய்ய வேண்டியிருப்பதால், பழகிய கண்ணே தடுமாறும் இடம் இது.

ஓரஞ்ச்பர்க் சுருள் என்று ஒன்று உண்டு. 1911இல் நியூயார்க் மாநிலத்தின் ஓரஞ்ச்பர்க் ஊரிலிருந்து ஒரு மருந்து நிறுவனம் மருத்துவர்களுக்கு மாதிரி மருந்து அனுப்பியது. அதற்காக மூன்று சென்ட் தலையை இயந்திரத்தில் பொருத்தும் சுருளாக வாங்கியது. மூன்று சென்ட் சுருள் என்று ஒன்று வந்ததே அப்போது சேகரிப்பவர்களுக்குத் தெரியாது. மருத்துவர்கள் பொட்டலத்தைப் பிரித்து உறையைக் குப்பையில் போட்டார்கள். தப்பியவற்றில் பெரும்பாலானவை இயந்திர முத்திரை அழுத்தமாக விழுந்தவை. வழக்கமாக முத்திரை அழுக்காக விழுந்தால் மதிப்பு குறையும். இதில் மட்டும் அந்த முத்திரைதான் உயிர், அது ஓரஞ்ச்பர்க்கிலிருந்து போனதற்கு அதுவே ஆதாரம்.

இப்போது, தொடக்கத்தில் சொன்ன, 1923இல் வந்த அந்தப் பச்சை ஃபிராங்க்ளின். தட்டையான தகட்டில் அச்சிட்டுக்கொண்டிருந்த அரசு அச்சகம், உருளை இயந்திரத்துக்கு மாறிவந்த காலம் அது. உருளையில் பொருத்தத் தகட்டை வளைக்க வேண்டும். வளைத்தால் படம் ஒரு திசையில் இழுபட்டு மில்லிமீட்டரில் சிறு பங்கு நீளும். உருளையில் அச்சான மீதித் துண்டுகளை வீணாக்க மனமில்லாமல், தட்டைத் தாள்களுக்கான பதினொரு துளை இயந்திரத்தில் கொடுத்து விற்பனைக்கு அனுப்பிவிட்டார்கள். தலைகளுக்கு எண் கொடுத்துப் பட்டியலிடும் ஸ்காட் கேட்டலாக்கில் 596ஆம் எண் இப்படிப் பிறந்தது. தெரியவந்தவை இருபதைக்கூட எட்டவில்லை. அவற்றில் பலவற்றில் கான்சாஸ் சிட்டி என்று, ஒட்டுவதற்கு முன்பே அடித்த முன்முத்திரை இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்கும் வழி எளிது. சாதாரணமான ஒரு தட்டை அச்சுத் தலையை எடுத்து, படத்தின் ஓரத்தை ஒட்டி வெட்டி, சந்தேகப்படும் தலையின் மேல் வைத்துப் பாருங்கள். அடியில் உள்ள படம் மயிரிழை அளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மேற்கொண்டு ஆராய விஷயம் இருக்கிறது. பெரும்பாலும் நீளாது. ஆயினும் ஒரு சென்ட் தலைக் கட்டு ஒன்று கைக்கு வந்தால், ஒவ்வொன்றையும் வைத்துப் பார்க்காமல் என்னால் தள்ளிவைக்க முடிவதில்லை.

அரிதானது என்றால் அங்கே போலியும் வரும். ஓரம் அகலமான சாதாரணத் தலையின் இரண்டு பக்கத் துளைகளை வெட்டிவிட்டால் பார்வைக்குச் சுருள் தலை ஆகிவிடும். துளையிடாத தலைக்குப் பொய்த் துளை போடுகிறார்கள். பின்புறத்தில் புதிதாகப் பசை தடவுகிறார்கள். 1929இல் திருட்டைத் தடுப்பதற்காகக் கான்சாஸ், நெப்ராஸ்கா மாநிலங்களின் பெயர்ச் சுருக்கத்தை மேலே அச்சடித்து வெளியிட்ட தலைகளுக்கு, தட்டச்சு இயந்திரத்தால் அடித்த போலிகள் உண்டு. ஆகவே விலை உயர்ந்த அமெரிக்கத் தலையை நியூயார்க்கின் ஃபிலாடெலிக் ஃபவுண்டேஷன் போன்ற அமைப்பின் சான்றிதழ் இல்லாமல் வாங்காதீர்கள். விற்பவர் நல்லவராக இருக்கலாம், ஆனால் அவருக்கு விற்றவரை நமக்குத் தெரியாது.

பசையைப் பற்றி ஒரு வார்த்தை. ஆல்பத்தில் ஒட்டுவதற்கான ஹிஞ்ச் காகிதத் துண்டு ஒருபோதும் படாத பசைக்கு அமெரிக்கச் சந்தையில் பல மடங்கு விலை. இது எனக்கு உடன்பாடில்லை. படத்தின் தெளிவுக்கும் சென்டரிங்குக்கும் தரும் பணம் நியாயமானது. பின்புறத்துக்குத் தரும் பணத்தைச் சென்னைப் புழுக்கத்தில் காப்பாற்றுவது மிகக் கடினம். பசை உருகும், ஒட்டும், பழுப்புப் புள்ளி விழும். கடலோர ஊர்களில் இருப்பவர்கள் முத்திரை விழுந்த தலைகளைச் சேர்ப்பது நல்லது.

கடைசியாக, நம் ஊரோடு தொடர்புள்ள ஒன்று. சர்வதேசத் தபால் ஒப்பந்தப்படி அன்றைக்கு வெளிநாட்டுக் கடிதத்துக்கான தலை நீலத்தில் இருக்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து இந்தியாவுக்கோ இலங்கைக்கோ ஒரு கடிதம் வர ஐந்து சென்ட், அதாவது நீல வாஷிங்டன். உள்ளூர்க் கடிதத்துக்கு இரண்டு சென்ட் சிவப்பு. 1917இல் இரண்டு சென்ட் தகட்டில் மூன்று இடங்கள் பழுதாகிவிட, செப்பனிட்டவர் தவறுதலாக அங்கே ஐந்து சென்ட் படத்தைப் பதித்துவிட்டார். விளைவு, சிவப்பு இரண்டு சென்ட் தலைகளுக்கு நடுவே சிவப்பு ஐந்து சென்ட். தனியாகக் கிழித்தால் அதன் அழகு பாதி போய்விடும். சுற்றிலும் இரண்டு சென்ட் தலைகளோடு ஒரே தொகுதியாக இருந்தால்தான் பிழை கண்ணுக்குத் தெரியும். அதைத்தான் தேடி வாங்குகிறார்கள்.

மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் வேலூரிலும் அமெரிக்க மிஷன்கள் பள்ளி, மருத்துவமனை, கல்லூரி நடத்திய காலம் அது. அவர்களுக்கு ஊரிலிருந்து கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன. அப்படிப்பட்ட உறை உங்கள் குடும்பத்தில் எங்காவது இருந்தால், தயவுசெய்து தலையை மட்டும் வெட்டி எடுக்காதீர்கள், நீரில் ஊறவைக்காதீர்கள், ஆவி காட்டிப் பிரிக்காதீர்கள். புறப்பட்ட ஊரின் முத்திரை, வந்து சேர்ந்த ஊரின் முத்திரை, கையெழுத்து முகவரி எல்லாம் சேர்ந்த முழு உறைக்கு, தனித் தலையைவிட மதிப்பு அதிகம். அமிலம் இல்லாத காகிதத்தில் சுற்றி, உலர்ந்த இடத்தில் தட்டையாக வையுங்கள். விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டும்வரை உள்ளே இருக்கும் கடிதத்தையும் உறையிலிருந்து பிரிக்க வேண்டாம்.

நன்றி, வணக்கம்.