பழைய ஜெர்மன் கார் வாங்கப் போகிறீர்களா? கிலோமீட்டரை விடுங்கள், வயதைப் பாருங்கள்

[திரையில்: பழைய கார் விளம்பரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன]

வணக்கம். "2010 மாடல் பிஎம்டபிள்யூ 320டி, செகண்ட் ஓனர், 62,000 கிலோமீட்டர் மட்டுமே, டாக்டர் ஓட்டிய வண்டி." இப்படி ஒரு விளம்பரம் உங்கள் போனிலும் வந்திருக்கும். ஷோரூமில் 30 லட்சத்தைச் சுற்றி விற்ற கார், இன்றைக்கு ஒரு புதுச் சின்னக் காரின் விலைக்கோ அதற்கும் கீழேயோ கிடைக்கிறது. கை துறுதுறுக்கத்தான் செய்யும். இதை வாங்கி தினமும் ஆபீஸுக்கும் பிள்ளைகளின் ஸ்கூலுக்கும் ஓட்டலாமா? ஓட்டலாம். ஆனால் அந்த விளம்பரத்தில் உங்களை இழுக்கிற 62,000 இருக்கிறதே, அதில் இருப்பதிலேயே பயன் குறைந்த தகவல் அதுதான். மீட்டரைப் பின்னோட்டியிருப்பார்கள் என்று மட்டும் சொல்லவில்லை, அந்த எண் சத்தியமாகவே இருந்தாலும் அப்படித்தான்.

[விளக்கப்படம்: இன்ஜினும் அதைச் சுற்றியுள்ள குழாய்களும்]

இந்தக் கார்களில் இன்ஜின் பிளாக், கிராங்க், கியர்பாக்ஸுக்குள் இருக்கிற பல்சக்கரம் எல்லாம் லேசில் போகாது. ஆயிலை ஒழுங்காக மாற்றியிருந்தால் மூன்று லட்சம் கிலோமீட்டர் பெரிய விஷயமே இல்லை. போவது ரப்பரும் பிளாஸ்டிக்கும். கூலண்ட் டேங்க், ரேடியேட்டர் ஹோஸ், வால்வ் கவர் கேஸ்கட், ஆயில் ஃபில்டர் ஹவுசிங் கேஸ்கட், இன்ஜின் மவுண்ட், முன்பக்கக் கண்ட்ரோல் ஆர்ம் புஷ், இவை கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் காலண்டரைப் பார்த்துக்கொண்டே பழசாகின்றன. சூட்டில் இறுகி, ஒருநாள் அண்ணா சாலை டிராஃபிக்கில் விரிசல் விடும். கூலண்ட் டேங்க் ஒன்றும் பெரிய விலை இல்லை, ஆனால் அது உடைந்ததைக் கவனிக்காமல் இன்னும் இரண்டு சிக்னல் தாண்டலாம் என்று ஓட்டினால் சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும், அப்போது செலவு வேறு மாதிரி.

அதனால் 15 வருடத்தில் 62,000 ஓடிய வண்டியைவிட, 1,60,000 ஓடி ஒவ்வொரு பாகமாக மாற்றப்பட்டு பில் கட்டு கையில் இருக்கிற வண்டிதான் எனக்கு வேண்டும். முதல் வண்டியில் அந்த ரப்பர் முழுக்க ஃபேக்டரியில் போட்டதாகவே இருக்கும். அத்தனையும் உங்கள் கணக்கில்தான் மாறப் போகிறது.

மெர்சிடிஸ் என்றால் லட்சக்கணக்கில் ஓடும் என்பதற்கு எல்லாரும் ஒரு கதை சொல்வார்கள். கிரேக்க நாட்டு டாக்சி ஓட்டுநர் ஒருவரின் 1976 மாடல் 240டி, 46 லட்சம் கிலோமீட்டர் ஓடி மெர்சிடிஸ் மியூசியத்துக்கே போனது. உண்மைதான். அந்த வண்டியில் இன்ஜினைப் பலமுறை கழற்றி மாற்றியிருக்கிறார்கள் என்பதை மட்டும் கதை சொல்கிறவர்கள் விட்டுவிடுவார்கள்.

[திரையில்: பிஎம்டபிள்யூ 3 சீரிஸ், இ90]

சரி, இப்போது குறிப்பாகப் பேசலாம். இ90 என்பது முதலில் சொன்ன விளம்பரத்தில் இருந்த தலைமுறை 3 சீரிஸுக்கு பிஎம்டபிள்யூ வைத்த குறியீடு, நமக்குத் தூரத்துக் கார் இல்லை. செங்கல்பட்டு பக்கம் மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் பிஎம்டபிள்யூ 2007-ல் தொடங்கிய தொழிற்சாலையில் அசெம்பிள் செய்யப்பட்டது. இதில் 320டி வாங்குகிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் என்47. 2007-லிருந்து வந்த 2 லிட்டர் டீசல் இன்ஜின் அது. இழுவை நன்றாக இருக்கும், நெடுஞ்சாலையில் மைலேஜும் கொடுக்கும். ஆனால் அதன் டைமிங் செயினை, அதாவது வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கிற செயினை, இன்ஜினுக்குப் பின்னால், கியர்பாக்ஸ் ஒட்டுகிற பக்கத்தில் வைத்தார்கள். செயினோ அதைத் தாங்குகிற பிளாஸ்டிக் கைடோ தேய்ந்தால், மாற்றுவதற்கு இன்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்கியாக வேண்டும். அறுந்தே போனால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், அதோடு அந்த இன்ஜின் முடிந்தது. 2011 வாக்கில் திருத்திய பாகங்கள் வந்த பிறகு இந்தத் தொல்லை நன்றாகக் குறைந்தது, அதற்கு முந்தையது என்றால் செயின் மாற்றிய பில் இருக்கிறதா என்பதுதான் உங்கள் முதல் கேள்வி. விற்கிறவர் "அதெல்லாம் வராது சார்" என்று சொன்னால் அது பதில் இல்லை.

வண்டி பார்க்கப் போகும் முன் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், "நான் வரும் வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க." போனதும் பானட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிட்டு, ஆறிய பிறகு வாருங்கள், அல்லது இன்னொரு நாள் காலையில். குளிர்ந்த இன்ஜினை முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போதுதான் செயின் சத்தமும் புகையும் மறைக்க முடியாமல் வெளியே வரும். ஸ்டார்ட் ஆனதும் டாஷ்போர்டைப் பார்க்காதீர்கள், இன்ஜினின் பின்பக்கம் காது கொடுங்கள். 1,500, 2,000 ஆர்பிஎம்மில் உரசுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

[திரையில்: கியர்பாக்ஸின் அடிப்பாகம், பிளாஸ்டிக் பேன்]

அடுத்து கியர் ஆயில். இந்தக் காரில் இருப்பது இசட்எஃப் நிறுவனத்தின் 6 கியர் ஆட்டோமேட்டிக், அருமையான பெட்டி. இதில் ஆயுள் முழுக்க ஆயில் மாற்ற வேண்டாம் என்று பிஎம்டபிள்யூ சொன்னது. பெட்டியைச் செய்த இசட்எஃப்போ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 வருடத்தில் மாற்றச் சொல்கிறது. காரை விற்றவர் சொல்வதா, கியர்பாக்ஸ் செய்தவர் சொல்வதா? நான் இரண்டாமவர் பக்கம். ஃபில்டர் அடியில் ஆயில் தேங்குகிற அந்த பிளாஸ்டிக் பேனோடு (தட்டோடு) சேர்ந்தே வருகிறது, அதனால் பேனையே மாற்ற வேண்டும், செலவு சுளீர் என்றுதான் இருக்கும். அப்போதே மெக்கட்ரானிக்ஸ், அதாவது கியரை மாற்றிவிடுகிற மின்னணுப் பகுதியின் சீலையும் மாற்றிவிடச் சொல்லுங்கள், அதுவும் ரப்பர்தான், ஆயில் கசிகிற இடமும் பெரும்பாலும் அதுதான்.

மெர்சிடிஸ் பக்கம் போனால், டபிள்யூ211 என்ற குறியீட்டில் வந்த இ கிளாஸ். 2006-க்கு முந்தைய வண்டியில் எஸ்பிசி என்று ஒரு மின்னணு பிரேக் அமைப்பு உண்டு. எத்தனை முறை பிரேக் மிதித்தீர்கள் என்பதை அது எண்ணிக்கொண்டே வரும், குறிப்பிட்ட எண்ணிக்கை ஆனதும் யூனிட்டை மாற்று என்று எச்சரிக்கை போடும். நம் ஊர் டிராஃபிக்கில் அந்த எண்ணிக்கை எவ்வளவு வேகமாக ஏறும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2006-ல் அதே மாடலைக் கொஞ்சம் மாற்றிப் புதுப்பித்தபோது (ஃபேஸ்லிஃப்ட்) மெர்சிடிஸே அதைத் தூக்கிவிட்டது, ஆகவே அதற்குப் பிந்தையதைப் பாருங்கள். 280 சிடிஐ-யில் இருக்கிற வி6 டீசல் ஓட்ட சுகமான இன்ஜின், ஆனால் ஆயில் கூலர் இரண்டு சிலிண்டர் வரிசைக்கும் நடுவில் டர்போவுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது. கசிவது கையளவு சீல், அதைத் தொட முக்கால்வாசி இன்ஜினைப் பிரிக்க வேண்டும். தினசரி ஓட்டத்துக்கு என்றால் நான் 4 சிலிண்டர் 220 சிடிஐ-யை எடுப்பேன். பந்தா குறைவு, பானட்டைத் திறந்தால் மெக்கானிக் கை நுழைய இடம் இருக்கும்.

இன்னும் பழைய இ கிளாஸான டபிள்யூ124 மேல் ஆசையா? 1995-ல் புனேயில் டெல்கோவோடு (இன்றைய டாடா மோட்டார்ஸ்) சேர்ந்து இங்கேயே தயாரித்தார்கள். 1992-லிருந்து 95 வரை வந்த பெட்ரோல் வண்டிகளில் இன்ஜின் வயரிங்கின் மேலுறை தானாகவே பொடிந்து உதிரும், அது மாற்றப்பட்டதா என்று பாருங்கள். எனக்குப் பிடித்த கார், ஆனால் தினமும் ஓட்ட அதை நான் சொல்ல மாட்டேன். ஃபோக்ஸ்வாகனில் 7 கியர் டிஎஸ்ஜி, அதாவது இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் என்றால் பெரும்பாலும் ஆயிலில் மூழ்காத உலர் கிளட்ச், ஊர்ந்து போகிற டிராஃபிக் அதற்கு ஆகாது. மேனுவல் எடுங்கள், அவ்வளவுதான்.

பழைய பெட்ரோல் வண்டி பார்க்கிறவர்களுக்கு இன்னொன்று. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். 2008-ல் செய்த ஹோஸும் சீலும் அதை மனதில் வைத்துச் செய்தவை இல்லை.

[திரையில்: வெள்ளத்தில் நிற்கும் கார்கள்]

இது சென்னைக்காரர்களுக்கு. 2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல், இரண்டிலும் பேஸ்மென்ட் பார்க்கிங்கில் மூழ்கிய கார்கள் கணக்கில்லாமல் துடைத்துப் பாலிஷ் போட்டு விற்பனைக்கு வந்தன. ஜெர்மன் காரில் தண்ணீர் புகுந்தால் பிரச்சினை இரட்டிப்பு, ஏனென்றால் இவற்றில் மின்னணுப் பெட்டிகள் பல தாழ்வான இடத்தில் இருக்கும். இ90-ல் விளக்குகளையும் கண்ணாடிகளையும் ஆள்கிற மாட்யூல் முன்சீட்டின் கால் வைக்கிற இடத்தில் இருக்கிறது, பேட்டரி டிக்கியில். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், உள்ளே சேற்றுக் கோடு தெரியும். சீட் ரெயில் போல்ட்டில் துரு இருக்கிறதா, டிக்கி கார்ப்பெட்டுக்கு அடியில் ஈர வாடை அடிக்கிறதா என்றும் பாருங்கள். ஏர் ஃபிரெஷ்னர் மூக்கைத் துளைத்தால் சந்தேகப்படுங்கள்.

டில்லி வண்டி மலிவாக வருவதற்கும் காரணம் உண்டு. அங்கே 10 வருடம் தாண்டிய டீசல் கார் ஓடக்கூடாது என்ற உத்தரவை 2018-ல் சுப்ரீம் கோர்ட் உறுதிசெய்த பிறகு அவை தெற்கே இறங்க ஆரம்பித்தன. அங்கிருந்து வாங்க வேண்டிய தடையில்லாச் சான்று (என்ஓசி), இங்கே கட்ட வேண்டிய வரி, மறுபதிவு எல்லாம் சேர்த்த பிறகும் மலிவுதானா என்று கணக்குப் போட்டுவிட்டுப் பேசுங்கள்.

பணம்? வாங்கும் விலையில் நாலில் ஒரு பங்கையாவது தனியாக எடுத்து வையுங்கள், முதல் வருட ரப்பர், ஆயில், டயர் வேலைக்கு. ரன்ஃப்ளாட், அதாவது காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடுகிற டயர் போட்ட இ90-ல் ஸ்டெப்னி கிடையாது, நம் பள்ளங்களில் டயர் பக்கவாட்டில் புடைத்தால் ஒரு டயர் விலையே முழிக்க வைக்கும். ஸ்பேர் வாங்கும்போது லெம்ஃபோர்டர், மாலே, மான், பாஷ், சாக்ஸ் என்ற பெயர்களைக் கேளுங்கள். கம்பெனி டப்பாவில் வருகிற பாகத்தைப் பல இடங்களில் செய்து கொடுப்பவர்களே இவர்கள்தான். சென்னைப் புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் கதவு, கண்ணாடி, லைட் எடுக்கலாம். அங்கே பழைய ரப்பர் மட்டும் எடுக்காதீர்கள்.

காருக்கு முன்னால் மெக்கானிக்கைத் தேடுங்கள். இந்தக் கார்களையே தினம் பார்க்கிற, காரின் கம்ப்யூட்டரைப் படிக்கிற ஒழுங்கான ஸ்கேனர் வைத்திருக்கிற ஆள். இ90-ல் பேட்டரி மாற்றினால் புது பேட்டரி என்று காருக்குப் பதிவுசெய்ய வேண்டும், இல்லையென்றால் பழைய பேட்டரி என்றே நினைத்து சார்ஜ் செய்யும். இதைக் கேட்டு "அப்படியெல்லாம் ஒன்றும் இல்லையே" என்று சொல்கிற மெக்கானிக்கிடம் வண்டியை விடாதீர்கள்.

கடைசியாக ஆர்சி. 2010 மாடல் என்றால் 15 வருடம் முடிந்துவிட்டது, ஆர்சியைப் புதுப்பித்தால்தான் ரோட்டில் ஓட்டலாம், 5 வருடத்துக்குச் செல்லும். 2022 ஏப்ரலில் அதற்கான கட்டணத்தை 600-லிருந்து 5,000 ரூபாயாக ஏற்றினார்கள், பசுமை வரி தனி. விற்கிறவர் புதுப்பித்து, எஃப்சி எடுத்து, லோன் இருந்தால் அதையும் ஆர்சியிலிருந்து நீக்கிக் கொடுத்த பிறகுதான் மீதிப் பணம் என்று அட்வான்ஸ் கொடுக்கும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.